ஒன் பக்கம் என்ன?

ரோஸ்லின் அக்கா இறந்துபோன செய்தி எங்கள் செக்கிங் மேசைக்கு வந்தபோது, அவருடைய இயர்போன் ஒயர் மேசைமேல், அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் இருந்தது. போன் அவருடையது. ஒயர் என் பொறுப்பு. அவர் காமாலை என்று லீவு எடுத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. இன்றாவது வருவார் என்று நான் தினமும் ஒயரைச் சிக்கெடுத்து அங்கே வைப்பேன். அந்தத் திங்கட்கிழமை காலையிலும் வைத்திருந்தேன். சூப்பர்வைசர் மாணிக்கம் அண்ணன் வந்து மேசை விளக்கை அணைத்தார். வேலை நேரத்தில் அவர் விளக்கை அணைத்து நான் பார்த்ததில்லை.

"கண்ணு, ரோஸ்லின் போயிருச்சாமா" என்றார்.

"எங்கீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒயரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து விளக்கைத் திரும்பப் போட்டுவிட்டுப் போனார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சர்ச்சில் கொடுக்கும் இந்தப் பங்கு இதழை வாசிக்கிற உங்களுக்கு அக்காவைப் பாடகர் குழுவில் நிற்பவராகத் தெரியும். நான் உங்கள் கோவிலைச் சேர்ந்தவள் இல்லை. ஊத்துக்குளியிலிருந்து கம்பெனி வேனில் வேலைக்கு வருகிறவள். பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். அக்காவின் வீட்டுக்காரர் அருள் அண்ணன்தான் நீ எழுதிக் கொடு என்று கேட்டார். எனக்குப் பேசுவதைவிட எழுதுவது சுலபம். இரண்டு வருடம் அவருக்கு இடது கைப்பக்கத்தில் நின்று வேலை பார்த்தேன். அந்த மேசையில் நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

செக்கிங்கில் சேர்ந்த முதல் இரண்டு வாரம் நான் யாரோடும் பேசவில்லை. கேட்டதற்குத் தலையாட்டுவேன். எங்கள் வேலை, தைத்து வரும் பனியனை விளக்கடியில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்ப்பது. தப்பு இருக்கும் இடத்தில் அம்பு போட்ட ஸ்டிக்கரை ஒட்டி, திருத்துவதற்குத் திருப்பி அனுப்புவோம். அதற்கு ஆல்டர் என்று பேர். பதினைந்தாம் நாளோ என்னவோ, அக்கா என் தாடையருகே ஒரு அம்பு ஸ்டிக்கரைக் கொண்டுவந்தார்.

"ஏ பிள்ள, ஒனக்கு வாய் இருக்கா? இல்ல அதையும் ஆல்டருக்கு அனுப்பிட்டாவளா?"

நான் சிரித்துவிட்டேன். "இருக்குதுங்க்கா" என்றேன். அதுதான் நான் அந்த செக்‌ஷனில் பேசிய முதல் பேச்சு. அக்காவுக்குத் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமாகி வந்து பத்து வருடமாகியும் அந்தப் பேச்சு மாறவில்லை. அவர் என்னைக் கடைசிவரை 'பிள்ள' என்றுதான் கூப்பிட்டார்.

மாணிக்கம் அண்ணனிடம் ஒரு சட்டம் உண்டு. "ஒரு காது பாட்டுக்கு, ஒரு காது கம்பெனிக்குங்க. ரெண்டையும் அடைச்சுட்டீங்கன்னா நான் ஆரக் கூப்பிடறது?" என்பார். அதனால் செக்கிங்கில் எல்லோரும் ஒற்றைக் காதில்தான் கேட்பார்கள். மற்றவர்கள் இன்னொரு முனையைக் கழுத்தில் தொங்கவிடுவார்கள். அக்கா அதை வீணாக்கக் கூடாது என்று எனக்குக் கொடுத்தார். எனக்கு வலப்பக்கம் அவர் நிற்பார். அவருடைய இடது காதில் ஒன்று, என் வலது காதில் ஒன்று. நடுவில் ஒயர் தொங்கும். ஒருவர் பீஸ் எடுக்கக் குனிந்தால் இன்னொருவரும் கொஞ்சம் குனிய வேண்டும்.

அக்கா ஒற்றைப் பாட்டாகக் கேட்கமாட்டார். ஆல்பம் என்றால் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்க வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டிப் போடச் சொன்னால், "பனியன நடுவுலருந்தா பாப்ப? கழுத்துலருந்து ஆரம்பிச்சு, கையப் பாத்து, கீழ மடிப்புக்கு வா. எது எங்க கெடக்குன்னு அப்பதான் தெரியும்" என்பார். ஆல்பங்களின் பெயர்களை அவர் சொல்லவே மாட்டார். மஞ்ச அட்டை, கப்பல் படம், கதவுப் படம் என்று அட்டையை வைத்துச் சொல்லுவார். கப்பலில் வேலை பார்க்கும் அவர் தம்பி, பழையதும் புதியதுமாக நிறைய ஏற்றிக் கொடுத்திருந்தார்.

பழைய ஆல்பங்களை அவர் கனத்த துணி என்பார். வெளிச்சத்தில் பிடித்தாலும் அந்தப் பக்கம் தெரியாது. ஒரே பாட்டில் இருபது முப்பது பேர் வாசிப்பார்கள். மஞ்ச அட்டையில் ஏழு பாட்டு. அதைப் பதினொரு மணி டீக்குப் பிறகுதான் போடுவார். அந்த நேரத்தில் கூரையில் பதித்த கண்ணாடித் தகடு வழியாக வெயில் இறங்கி மேசைக்கு வரும். பனியனிலிருந்து கிளம்பும் பஞ்சு அந்த வெயிலில் மேலே போவதா கீழே வருவதா என்று தெரியாமல் நிற்கும். வெள்ளைத் துணி வந்துகொண்டே இருக்கும், போய்க்கொண்டே இருக்கும். மூன்றாம் பாட்டு வரும்போது எனக்கு நான் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துவிடும். எங்கேயோ ஓர் ஆற்றங்கரையில் துணி அலசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். ஆனால் ஓட்டை வந்தால் கை தானாக நின்றுவிடும். அந்த இடத்தில் பாட்டும் ஒரு நொடி நின்று போகிற மாதிரி தோன்றும்.

அந்த மூன்றாம் பாட்டில்தான் எங்களுக்குச் சண்டை வந்தது.

"இந்த வயலின் அழுதத கேட்டியா?" என்றார் அக்கா.

"வயலின் எங்கீங்க? புல்லாங்குழல்தானுங்க வருது."

"காதுல பஞ்சு போயிருச்சா ஒனக்கு? எங்க புல்லாங்குழலு?"

திரும்பப் போட்டோம். அவர் வயலின் என்றார், நான் குழல் என்றேன். இரண்டு நாள் இதே பேச்சு. எனக்கு அவர் கேலி செய்கிறார் என்று கோபம், அவருக்கு நான் பிடிவாதக்காரி என்று கோபம். மூன்றாம் நாள் அக்கா மாணிக்கம் அண்ணனைக் கூப்பிட்டு, இரண்டு முனைகளையும் அவர் கையில் கொடுத்தார். "அண்ணே, நீங்களே சொல்லுங்க. யாருக்கு ஆல்டர்?"

அண்ணன் தன்னுடைய சட்டத்தைத் தானே மீறி இரண்டு காதிலும் மாட்டினார். ஐந்து நிமிடப் பாட்டு. பீஸ் கட்டு கேட்டு ஒருவர் வந்து அவர் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். பாட்டு முடிந்தபின் இரண்டையும் கழற்றி மெதுவாக மேசையில் வைத்தார். "ரெண்டு பேரு சொல்றதும் சரிதானுங்க. இந்தப் பக்கம் வயலின் கேக்குது, அதே நேரத்துல அந்தப் பக்கம் குழல் பேசுது. ஏனுங்க, இத்தன நாளா ஆளுக்குப் பாதிப் பாட்டத்தான் கேட்டீங்களா?"

ஆமாம், அப்படித்தான் கேட்டிருந்தோம். ஒயரின் இரண்டு முனையிலும் ஒரே பாட்டுதான் வரும் என்று நினைத்திருந்தோம். கேட்டு முடித்துவிட்டதாக நினைத்த அத்தனை ஆல்பங்களிலும் எனக்கு வலது பக்கம் மட்டும் தெரியும், அவருக்கு இடது பக்கம் மட்டும்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் நான் ஒயரை அவரிடம் நீட்டினேன். "அக்கா, இப்ப ரெண்டு காதுலயும் வெச்சுக் கேளுங்க."

"வேண்டாம் பிள்ள."

"அப்பன்னா நாளைக்கு மாத்திக்கலாங்க. என்ற பக்கத்த நீங்க எடுத்துக்கங்க."

"மாத்துனா அது வரும், இது போயிரும்லா? நீ சொல்லு. நான் என் பக்கத்தக் கேட்டுக்கிட்டே நீ சொல்லுதத கேப்பேன். அப்ப ரெண்டும் இருக்கும்." எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இரண்டு காது இருக்கிற மனுஷிக்கு எதற்கு இந்தச் சுற்று வழி என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து பாட்டு போகிறபோது அக்கா முகத்தைத் திருப்பி என் வாயைப் பார்த்துக் கேட்பார். "ஒன் பக்கம் என்ன?"

யாராவது என் வாயைப் பார்த்தாலே எனக்குப் பேச்சு வராது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், பாட்டு ஓடிவிடும். வாத்தியங்களின் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி சொன்னேன். "கெணத்துல கல்லுப் போட்டாப்பல ஒண்ணுங்க." "யாரோ வெளக்குமாத்துல மெதுவா வாசல் கூட்டறாங்க." "ஒரு அம்மா பின்னாலயே நின்னு ஆமாம் ஆமாம்ங்கறாங்க." சொல்லி முடித்ததும் அக்கா கண்ணை மூடித் தலையாட்டுவார். பிறகு தன் பக்கத்தைச் சொல்லுவார். "இங்க ஒரு கெழவன் தொண்டையச் செருமிக்கிட்டே இருக்கான். தூங்க விடமாட்டான் போல." பள்ளிக்கூடத்தில் பத்து வருடத்தில் பேசாததை அந்த மேசையில் பேசியிருப்பேன். வேனில் வீட்டுக்குப் போகிறபோது, நாளைக்கு ஆறாம் பாட்டில் வருகிற அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது என்று ஜன்னலைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டிருப்பேன்.

புதிய ஆல்பங்களை அக்காவுக்கு முதலில் பிடிக்கவில்லை. கதவுப் படம் போட்டது போன வருடம் வந்தது. ஒரு பெண் தன் வீட்டு அறையிலேயே உட்கார்ந்து பாடி எடுத்த ஒன்பது பாட்டு. "இது துணியா, கொசுவலையா? ஊதுனா பறந்துரும்" என்றார். ஆனால் இரண்டாம் முறை கேட்டார், மூன்றாம் முறை கேட்டார். அதில் பெரிய வாத்தியக் கூட்டம் இல்லை. மூச்சு கேட்கும், நாற்காலி நகர்வது கேட்கும். மழைக்கு முன்னால் வீட்டுக்குள் இருட்டுகிற மாதிரி ஒவ்வொரு பாட்டும் மெல்லக் கவியும். கொஞ்ச நாளில் மஞ்ச அட்டைக்கு அடுத்தபடியாக அதைத்தான் அதிகம் போட்டார். கடைசிப் பாட்டில் ஓர் இடத்தில் அவருடைய பக்கம் முழுக்க நின்றுபோகும். நாலு கழுத்துப் பட்டை பார்க்கிற நேரம் ஒன்றுமே வராது. அதே நேரத்தில் என் பக்கம் நிற்காது.

அந்த இடத்தை நான் அவருக்குச் சொல்லவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன ஆயுத பூஜை அன்று கம்பெனியில் மைக் வைத்திருந்தார்கள். அக்கா என்னைக் கேட்காமலே என் பேரைக் கொடுத்துவிட்டார். "இந்தப் பிள்ள நல்லாப் பேசும்" என்று அவரே சொல்லி மைக்கை என் கையில் கொடுத்தார். எனக்கு அந்த மேசையில், அவர் ஒருவரிடம்தான் பேச வரும். முந்நூறு பேருக்கு முன்னால் வாய் திறக்கவில்லை. மைக் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. பின்னாலிருந்து யாரோ, "மைக் ரிப்பேரா, ஆள் ரிப்பேரா?" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

பூஜை லீவு முடிந்து வேலைக்கு வந்ததும், "கோவமா பிள்ள? நான் செஞ்சது தப்புதான்" என்று அக்காவே சொன்னார். நான் அடுத்த பீஸை எடுத்து விரித்தேன். சமாதானத்துக்கு என்றுதான் அவர் கதவுப் படத்தைப் போட்டார் என்று நினைக்கிறேன். கடைசிப் பாட்டு வந்தது. அவர் பக்கம் நின்றது. முகத்தைத் திருப்பினார்.

"பிள்ள, இங்க நின்னு போச்சு. ஒன் பக்கம் என்ன?"

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

"ஒண்ணுமே இல்லியா?"

"இல்லீங்க."

அவர் நம்பிவிட்டார். "நீ ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லதான்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு முறை அந்த இடம் வரும்போதும் பீஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு விரலைத் தூக்குவார், இப்ப யாரும் பேசாதீங்க என்கிற மாதிரி. நாலு கழுத்து நேரம் அப்படியே நிற்பார். முகம் அவ்வளவு நிம்மதியாக இருக்கும். அந்த நேரம் முழுக்க என் காதில் அது வந்துகொண்டிருக்கும். கோபம் மூன்று நாளில் போய்விட்டது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, நான் சொன்னது பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைப்பேன். ஐந்து மாதம் அப்படியே போயிற்று.

கடைசியாக வேலைக்கு வந்த அன்று மதியமே காய்ச்சல் என்று கிளம்பினார். ஒயரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "சிக்காக்கிராத. வந்து கதவுப் படத்தக் கேப்போம்" என்றார். நான் சரி என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு நான் வந்திருந்தேன். பின்பக்கம், கதவோரம் நின்றதால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. மதியம் வீட்டில் சாப்பாடு. எல்லோரும் போனபிறகு அருள் அண்ணன் உள்ளேயிருந்து அக்காவின் போனை எடுத்து வந்தார்.

"எல்லாம் அப்படியே கெடக்கும்மா. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. அவ ஒரு பாட்டப் பத்திச் சொல்லுவா. கடைசியில ரெண்டு பக்கமும் ஒண்ணுமே இருக்காதாம். அந்த எடம் வந்தா ஒலகமே வாய மூடிரும், எனக்கு ரெண்டு காது இருந்தாலும் அவ்வளவுதான் கேக்கும்னு சொல்லுவா. அது எந்தப் பாட்டு?"

எனக்குப் புரியவில்லை. "ரெண்டு காது இருந்தாலும்னா என்னங்கண்ணா?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "ஒனக்குத் தெரியாதா? அவளுக்கு வலது காது கேக்காதுல்லா. ஏழு வயசுல சீழ் வச்சுப் போச்சு. செவிடின்னு பேர் வச்சிருவாவன்னு யார்ட்டயும் சொல்ல மாட்டா. ஒன்ட்டயாவது சொல்லியிருப்பான்னு நெனச்சேன்."

எதிர்ச் சுவரில் உங்கள் பாடகர் குழுவின் போட்டோக்கள் மாட்டியிருந்தன, எல்லாவற்றிலும் அக்கா ஒரே கோடியில் நின்றார். பாடகர் குழுவில் அவர் ஏன் எப்போதும் வலது கோடியில் நின்றார் என்று உங்களில் யாராவது யோசித்ததுண்டா? அங்கே நின்றால் எல்லோருடைய குரலும் இடது பக்கமிருந்து வரும். என் வாயை ஏன் பார்த்தார், மாணிக்கம் அண்ணன் கூப்பிட்டால் ஏன் நான் காலால் இடித்துச் சொல்ல வேண்டியிருந்தது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. கம்பெனிக்கு அவர் கொடுத்திருந்தது கேட்காத காதை. இதை நினைத்து எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இதை எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். இனி எழுது, அவளை யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்றார்.

ஒயரைச் சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்துப் போனில் சொருகினேன். இடது முனையை அண்ணனிடம் கொடுத்தேன். வலது முனையை நான் வைத்துக்கொண்டேன். வேறு மாதிரி செய்ய எனக்குத் தோன்றவில்லை. கதவுப் படத்தைக் கழுத்திலிருந்தே ஆரம்பித்தேன். ஒன்பது பாட்டையும் அண்ணன் தரையைப் பார்த்தபடி கேட்டார். அந்த இடம் வந்தது. அவர் பக்கம் நின்றது. அவர் கண் கலங்கியது. "இதுதானா?" என்றார். நான் தலையாட்டினேன்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் முகத்தைத் திருப்பி, அக்கா கேட்ட அதே மாதிரி கேட்டார். "ஒன் பக்கமும் ஒண்ணுமில்லதானம்மா?"

ஒரு தலையாட்டலில் அக்காவின் அந்த இடத்தை அவருக்கு அப்படியே கொடுத்திருக்கலாம். எனக்குத் தலையாட்டுவது சுலபம். ஆனால் அந்தக் கேள்விக்கு இன்னொரு முறை பொய் சொல்ல முடியவில்லை. என் பக்கம் என்ன வருகிறது என்று சொன்னேன். ஆயுத பூஜையைச் சொன்னேன். ஐந்து மாதம் சொல்லாமல் இருந்ததைச் சொன்னேன். பாட்டு முடிந்து போன் தானாக அணைந்தது.

"அவ கேட்டது அவளுக்கு" என்றார் கடைசியில். "அவ சந்தோசமாத்தான் கேட்டா. நீ சொல்லுதத நான் கேட்டுக்கிடுதேன். இன்னொரு வாட்டி வைம்மா."

மறுபடி வைத்தேன். அந்த இடம் வரும்போது அண்ணன், அவரை அறியாமலே, ஒரு விரலைத் தூக்கினார்.

கிளம்பும்போது போனையும் எடுத்துக்கொள் என்றார். வேண்டாம் என்றேன். போன் அங்கேயே இருக்கட்டும், ஒயர் என்னிடம் இருக்கட்டும், முன்பு போலவே. பாட்டு கேட்க வேண்டுமானால் நான் அங்கே போக வேண்டும். போனில் ஏதோ ஒன்றை மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே முனையில் வந்துவிடும் என்று போன வாரம் வேனில் ஒருவர் சொன்னார். இது எங்களுக்கு அப்போது தெரிந்திருந்தால் அக்கா முழுப் பாட்டையும் கேட்டிருப்பார். நான் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டேன். எது நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது சிக்கெடுத்துச் சுருட்டி வைத்த அந்த ஒயரும், அவர் கேட்ட கேள்வியும்தான். கேள்விக்குப் பதிலை அவர் கேட்ட அன்றே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

அக்கா, என்ற பக்கம் நிக்கலீங்க. பாடற அந்தப் புள்ள மட்டும் வாய மூடிட்டு ம்ம்ம்னு, ரொம்ப மெதுவா, தனியாப் பாடிட்டு இருக்கறாங்க. வேற ஒண்ணுமே இல்லீங்க. பக்கத்துல ஆரோ நின்னு கேட்டுட்டு இருக்கறாங்கன்னு தெரிஞ்சு பாடறாப்பல இருக்குதுங்க.